எச் சுட்டெண் கேட்பதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள், கூட்டாய்வு, மேற்கோள்களை அளப்பது எப்படி

ஒரே ஆய்வாளரின் பெயரை ஒரே நாளில் மூன்று தளங்களில் தேடினால் மூன்று விடை வரும். கூகுள் ஸ்கொலர் எச் சுட்டெண் 9 (குறைந்தது 9 மேற்கோள் பெற்ற 9 கட்டுரைகள் உண்டு) என்று காட்டும், ஸ்கோபஸ் 6 என்று காட்டும், வெப் ஒஃப் சயன்ஸ் 4 என்று காட்டும். மூன்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தன்னிடம் இருக்கும் பட்டியலை எண்ணிச் சொல்கிறது. பட்டியல்கள்தான் வேறு வேறு. பதவியுயர்வு விண்ணப்பத்திலோ புலமைப்பரிசில் படிவத்திலோ எந்தத் தளம், எந்தத் திகதி என்று சொல்லாமல் வெறுமனே '9' என்று எழுதினால், தெரிவுக்குழுவில் விபரம் தெரிந்த ஒருவர் இருந்தாலே போதும், அந்த எண் அங்கேயே அடிபட்டுப் போகும்.

வெப் ஒஃப் சயன்ஸின் வேர் பழையது. யூஜின் கார்ஃபீல்ட் 1964 இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையிலிருந்து வளர்ந்தது அது. இப்போது கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஸ்கோபஸை எல்செவியர் 2004 இல் தொடங்கியது. இந்த இரண்டும் தெரிந்தெடுத்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணும், முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். அதே 2004 இல் வந்த கூகுள் ஸ்கொலர் அப்படித் தெரிந்தெடுப்பதில்லை. ஆய்வுக் கட்டுரையின் சாயலில் இணையத்தில் கிடக்கும் கலாநிதிப் பட்ட ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், பல்கலைக்கழகக் களஞ்சியத்துப் பீடிஎஃப் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஸ்கொலர் எண் பெரும்பாலும் மற்ற இரண்டையும் விடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நான்காவதாக ஓப்பன்அலெக்ஸ். மைக்ரோசொஃப்ட்டின் அகடமிக் தளம் 2021 இறுதியில் மூடப்பட்டதும் 2022 தொடக்கத்தில் வந்தது, தரவு முழுவதும் இலவசம். சந்தாவுக்குப் பணம் ஒதுக்க முடியாத நூலகங்களுக்கு இதுவே கைகொடுக்கும். ஸ்கோபஸிலும் ஆய்வாளரின் பெயரை மட்டும் சந்தா இல்லாமல் தேடிப் பார்க்கலாம்.

மேற்கோள் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். இன்னொரு கட்டுரையில் உள்ள உசாத்துணைப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் அது ஒரு மேற்கோள். உள்ளே பத்து இடத்தில் உங்களைக் குறிப்பிட்டிருந்தாலும் ஒன்றுதான். புகழ்ந்து சொன்னாலும் ஒன்று, "இவர்களுடைய முறை பிழை" என்று சொன்னாலும் ஒன்று. எண்ணுகிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

பெயரும் முகவரியும்

தமிழ் ஆய்வாளர்களின் எண்கள் குறைந்தும் கூடியும் போவதற்கு முதற்காரணம் பெயர். மேலைநாட்டு முறையில் கடைசிச் சொல் குடும்பப் பெயர், முதற்சொல் தன் பெயர். நம்மிடம் தந்தை பெயர் முன்னால் வரும். கந்தையாவின் மகன் சிவகுமார் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இதழ் அவரை 'சிவகுமார், கே.' என்று பதியும். இன்னோர் இதழ் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு அவரே கந்தையா என்று நிரப்பியிருப்பார்; அது 'கந்தையா, எஸ்.' ஆகிவிடும். தளத்தின் கண்ணில் இவர்கள் இரண்டு பேர். 'சி'க்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் எஸ் மட்டும், ஓரிடத்தில் எஸ்ஸும் எச்சும் என்று எழுதினால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண் ஆய்வாளர்களுக்கு அதுவரை எழுதிய கட்டுரைகளெல்லாம் வேறொருவர் பெயரில் தங்கிப்போகும்.

மறுபக்கமும் உண்டு. எஸ். குமார் என்று தேடினால் தென்னாசியா முழுவதிலிருந்தும் குமார்கள் வருவார்கள். கூகுள் ஸ்கொலர் பக்கத்தைத் திறந்து, 'கட்டுரைகளைத் தானாகச் சேர்' என்ற தெரிவை அப்படியே விட்டவர்களின் பட்டியலில் தாங்கள் கேள்விப்பட்டே இராத உலோகவியல் கட்டுரைகள் வந்து குந்தியிருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் மேற்கோள்களும் கணக்கில் சேரும். வேண்டுமென்று செய்தது அல்ல என்றாலும், நேர்முகத் தேர்வில் அதை விளங்கப்படுத்துவது சங்கடம்.

நிறுவன முகவரியில் இன்னொரு குழி இருக்கிறது. திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருந்தாலும் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 'ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி' என்று மட்டும் எழுதினால் அதே பெயரில் டாக்காவிலும் ஒரு பல்கலைக்கழகம் உண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் ஒன்று உண்டு. ஒலுவிலில் இருப்பது 'சவுத் ஈஸ்டர்ன்'. வளாகத்தின் பெயரை மட்டும் எழுதினால் கட்டுரை பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேராமல் தனியே நிற்கலாம். ஆகவே பீடம், வளாகம், பல்கலைக்கழகம், இலங்கை என்ற வரிசையை ஒவ்வொரு கட்டுரையிலும் ஓர் எழுத்து மாறாமல் எழுதுவது நல்லது. பீடத்தில் எல்லோரும் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதைச் சீராக்கும் வேலை ஒரு பின்னேரத்தில் முடியக்கூடியது. முதலில் எக்செல் தாள் ஒன்றில் உங்கள் கட்டுரைகள் அனைத்தையும் எழுதுங்கள்: வருடம், தலைப்பு, இதழ், ஐஎஸ்எஸ்என் இலக்கம் (இதழின் அடையாள எண்), டிஓஐ இலக்கம் (கட்டுரையின் நிலையான அடையாள எண்), மொத்த ஆசிரியர்கள், அதில் நீங்கள் எத்தனையாவது, முழுக் கட்டுரையா மாநாட்டுச் சுருக்கமா. பக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிரல். இந்தத் தாள்தான் மூலம். தளங்கள் இதற்கு ஒத்துவர வேண்டும், இது தளங்களுக்கு அல்ல.

அடுத்தது ஓர்கிட் இலக்கம், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான அடையாள எண். 2012 இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, 16 இலக்கம் கொண்டது. கடைசி இடத்தில் சிலருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். அது தட்டச்சுப் பிழை அல்ல, சரிபார்ப்பு இலக்கம் 10 ஆக வரும்போது எழுதும் குறி. அதைப் பிழை என்று நினைத்து வேறு இலக்கம் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர்கிட் பக்கத்தில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும், பழைய முதலெழுத்து உட்பட, 'வேறு பெயர்கள்' பகுதியில் சேர்க்கலாம். கட்டுரை அனுப்பும்போது இந்த இலக்கத்தைக் கொடுத்தால் பெயர் எப்படிச் சிதைந்தாலும் ஆள் ஒருவர்தான் என்று தெரியும்.

ஸ்கோபஸில் இரண்டாகப் பிரிந்திருந்தால் அதற்கென்றே ஒரு திருத்தப் படிவம் இருக்கிறது, சந்தா இல்லாதவர்களும் பயன்படுத்தலாம். உங்களுடைய எல்லாப் பதிவுகளையும் தெரிவுசெய்து, ஒரே ஆள் என்று குறித்து, உங்களுடையது அல்லாத கட்டுரைகளை நீக்கி அனுப்ப வேண்டும். கூகுள் ஸ்கொலரில் மூன்று காரியம்: தானாகச் சேர்ப்பதை நிறுத்தி மின்னஞ்சலில் கேட்கும்படி மாற்றுங்கள், அந்நியக் கட்டுரைகளை நீக்குங்கள், ஒரே கட்டுரை இரண்டு தடவை வந்திருந்தால் இரண்டையும் குறித்து இணையுங்கள். பொதுத் தேடலில் உங்கள் பக்கம் தெரிய வேண்டுமானால் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். இணைத்த பின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம். சேர்த்த பதிவுகளில் சில வேறு கட்டுரையாக இருக்கலாம் என்று ஸ்கொலர் சொல்கிறது, அவ்வளவுதான். சுருக்கத்தையும் பின்னால் வந்த முழுக் கட்டுரையையும் ஒன்றாக இணைத்திருந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள்.

கையால் ஒரு கணக்கு

பட்டியல் துப்புரவானால் கணக்கு பத்து நிமிட வேலை. புறாமலைப் பவளப்பாறைகளை ஆராயும் ஒரு விரிவுரையாளருக்கு ஸ்கோபஸில் 12 கட்டுரைகள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். மேற்கோள்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினால்: 41, 18, 11, 9, 7, 6, 6, 3, 2, 1, 0, 0. மொத்தம் 104.

எச் சுட்டெண்ணை 2005 இல் முன்மொழிந்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர். வரிசை எண்ணையும் மேற்கோளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கீழே இறங்குங்கள். 4ஆவது கட்டுரைக்கு 9 மேற்கோள், போதும். 5ஆவதுக்கு 7, போதும். 6ஆவதுக்கு 6, சரியாகப் போதும். 7ஆவதுக்கு 6, போதாது. அங்கே நில்லுங்கள். எச் சுட்டெண் 6. அதாவது குறைந்தது 6 மேற்கோள் பெற்ற 6 கட்டுரைகள் இருக்கின்றன, 7 பெற்ற 7 இல்லை.

இந்தச் சுட்டெண் எதைப் பார்க்காது என்பது அதே பட்டியலில் தெரிகிறது. முதற்கட்டுரையின் 41 நாளை 400 ஆனாலும் எச் 6 தான். ஆனால் 6ஆவது, 7ஆவது கட்டுரைகளுக்கு ஆளுக்கு ஒரு மேற்கோள் கூடினால், மொத்தம் இரண்டே இரண்டு, எச் 7 ஆகிவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் தன் கட்டுரைகளைப் பார்த்துப் பார்த்துத் தானே மேற்கோள் காட்டும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. சராசரி 104 ஐ 12 ஆல் வகுக்க 8.7. நடு எண்ணோ 6. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் அந்த 41 செய்த வேலை. மேற்கோள் கணக்கில் சராசரியை நம்பாமல் நடு எண்ணைக் கேட்பது எப்போதும் பாதுகாப்பானது.

பெரிய வெற்றிக் கட்டுரைக்கும் மதிப்புக் கொடுக்க லியோ எக்ஹே 2006 இல் ஜி சுட்டெண்ணைக் கொண்டுவந்தார். முதல் ஜி கட்டுரைகளின் கூட்டுத்தொகை ஜி-யின் வர்க்கத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. நம் பட்டியலில் முதல் 10 கட்டுரைகளின் கூட்டு 104, பத்தின் வர்க்கம் 100. 11க்கு 121 வேண்டும், இல்லை. ஆக ஜி 10. கூகுள் ஸ்கொலர் காட்டும் ஐ10 என்பது குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, இங்கே 3.

இப்போது சுயமேற்கோளைக் கழிப்போம். ஆய்வாளரோ அவருடைய இணை ஆசிரியரோ தம் கட்டுரையைத் தாமே காட்டியவற்றை நீக்கினால் எண்கள் 33, 15, 8, 7, 5, 5, 4, 2, 1, 0, 0, 0 என்று ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80, எச் 5. சுயமேற்கோள் குற்றம் அல்ல. ஒரே குடாவில் தொடர்ந்து வேலை செய்பவர் தன் முந்தைய அளவீட்டைக் காட்டாமல் எழுதவே முடியாது. ஆனால் இரண்டு எண்ணையும் சேர்த்துக் கொடுப்பவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்பது தெரியும்.

எச் சுட்டெண் தன் பாட்டில் குறையாது, வயதோடு ஏறும். ஓய்வுபெற்ற பேராசிரியரையும் நேற்று வந்த விரிவுரையாளரையும் அதைக்கொண்டு ஒப்பிடுவது அநியாயம். முதற்கட்டுரை வந்து எத்தனை ஆண்டு என்பதால் எச்-ஐ வகுக்கும் முறையையும் ஹிர்ஷே சொன்னார். நம் ஆய்வாளர் தொடங்கி 12 ஆண்டு என்றால் 0.5. வெற்றிபெற்ற ஓர் ஆய்வாளருக்கு இது 1 அளவில் இருக்கும் என்று அவர் சொன்னது இயற்பியலைப் பார்த்து. அதை எடுத்து வரலாற்றுத்துறைக்கோ சித்த மருத்துவத்துக்கோ பொருத்தக்கூடாது.

யாரோடு எழுதினார்

அந்த 12 கட்டுரைகளில் ஒன்று தனியாக எழுதியது, மூன்றில் இருவர், ஐந்தில் மூவர், இரண்டில் ஐவர், ஒன்றில் 20 பேர் என்று கொள்வோம். பங்குக் கணக்கில் ஒவ்வொரு கட்டுரையும் ஆசிரியர்களுக்குள் சமமாகப் பிரியும்: 1, அடுத்து 1.5, அடுத்து 1.67, அடுத்து 0.4, கடைசியாக 0.05. கூட்டினால் ஏறத்தாழ 4.6. பன்னிரண்டு கட்டுரை நாலரையாகச் சுருங்கிவிட்டது. 41 மேற்கோள் பெற்றது அந்த 20 பேர் கட்டுரை என்றால் இவருடைய பங்கு மேற்கோள் 2.05. எச் சுட்டெண்ணுக்கு இது எதுவும் கண்ணில் படாது.

இதன் உச்சம் இயற்பியலில் இருக்கிறது. 2015 இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். அதில் ஒருவராக இருப்பது பெருமைதான், ஆனால் அந்த மேற்கோள்களை முழுசாகத் தன் கணக்கில் போட்டுக்கொண்டால் எண்ணுக்கு அர்த்தம் இராது. பங்குக் கணக்கும் பூரணமானது அல்ல. 20 பேரில் கடலில் இறங்கி மாதிரி எடுத்தவருக்கும் பெயரளவில் சேர்ந்தவருக்கும் ஒரே 0.05 தான். அதற்காகத்தான் பல இதழ்கள் இப்போது யார் திட்டமிட்டார், யார் தரவு சேர்த்தார், யார் எழுதினார் என்று 14 வகைப் பங்களிப்பைக் குறிக்கச் சொல்கின்றன. ஆசிரியர் வரிசையும் துறைக்குத் துறை மாறும்: உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுகூடத் தலைவருடையது, கணிதத்தில் வெறும் அகர வரிசை.

கூட்டாய்வை வலைப்படமாக வரைவதும் வழக்கம். ஆட்கள் புள்ளிகள், சேர்ந்து எழுதியவர்களுக்கு இடையே கோடு. லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான வோஸ்வியூவர் மென்பொருள் இலவசம். ஸ்கோபஸிலிருந்து இறக்கிய கோப்பைக் கொடுத்தால் வரைந்து தரும். படம் அழகாக வரும், அதனாலேயே ஏமாற்றும். இருவர் கட்டுரை 1 கோடு போடும், மூவர் கட்டுரை 3, ஐவர் கட்டுரை 10. இருபது பேர் கட்டுரை 190 கோடு போடும். நம் ஆய்வாளரின் இணை ஆசிரியர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள் என்றால் படத்தில் 228 கோடு, அதில் 190 ஒரே கட்டுரையால் வந்தவை. மிகப் பெரிய ஆசிரியர் பட்டியல் உள்ள கட்டுரைகளை ஒதுக்கும் தெரிவு மென்பொருளிலேயே உண்டு, அதைப் போட்டு மறுபடி வரையுங்கள். பிறகு தெரிவதுதான் இவர் உண்மையில் திரும்பத் திரும்பச் சேர்ந்து வேலை செய்யும் வட்டம். வெளிநாட்டுக் கூட்டாய்வு வீதத்துக்கு வேறு நாட்டு முகவரியுள்ள ஓர் இணை ஆசிரியராவது இருக்கும் கட்டுரைகளை எண்ணி மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 12இல் 3 என்றால் 25 சதவீதம். முகவரிப் பிழை இங்கேயும் வந்து கெடுக்கும். டாக்காவின் ஈஸ்டர்ன் என்று தவறாகப் பதிவான கட்டுரை வெளிநாட்டுக் கூட்டாய்வாகவே எண்ணப்படும்.

துறையும் இதழும்

மருத்துவத்தில் 6 மேற்கோள் சாதாரணம், கணிதத்தில் அதுவே நல்ல எண். எனவே ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுப்பார்கள். 9 பெற்றது, சராசரி 6 என்றால் 1.5. ஒன்று என்றால் உலகச் சராசரி. நல்ல முறை, ஆனால் 12 கட்டுரைக்கு இதைப் போட்டால் ஒரு கட்டுரையே முழு எண்ணையும் தூக்கிவிடும்.

இதழின் தாக்கக் காரணி ஆய்வாளரின் எண் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது அது. நூலகங்கள் இதழ்களைத் தெரிவுசெய்ய உதவியது. உயர்ந்த இதழில் வந்தும் ஒருவரும் தொடாத கட்டுரைகள் ஏராளம். தாக்கக் காரணியைக்கொண்டு ஆட்களை மதிப்பிட வேண்டாம் என்று 2012 இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் கேட்டது. 2015 இல் வந்த லைடன் அறிக்கை பத்துக் கோட்பாடுகளோடு அதையே விரித்தது. மின்னஞ்சலில் 'எங்கள் தாக்கக் காரணி இவ்வளவு, மூன்றே நாளில் பிரசுரம்' என்று அழைக்கும் இதழ்களைக் கிளாரிவேட்டின் பட்டியலிலும் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலிலும் ஐஎஸ்எஸ்என் இலக்கத்தால் தேடுங்கள், பெயரால் அல்ல. நல்ல இதழின் பெயரை அப்படியே களவெடுத்துப் போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் எழுதியவை

ஸ்கோபஸில் ஓர் இதழ் சேர வேண்டுமானால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், உசாத்துணைகள் உரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். முழுக்கத் தமிழில் வரும் ஆய்விதழ் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது; அந்தத் துறையின் ஏட்டு மூலங்களைப் பற்றித் தமிழில் எழுதுபவருக்கு ஸ்கோபஸ் எச் சுட்டெண் 0 என்று வந்தால், அந்தச் சைபர் ஸ்கோபஸின் எல்லையை அளக்கிறது, ஆய்வாளரை அல்ல.

கூகுள் ஸ்கொலருக்கு அப்படி மொழித்தடை இல்லை, ஆனால் கோப்புத்தடை உண்டு. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பீடிஎஃப் ஆக்கிய கட்டுரை கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. அதில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். வருடி எடுத்த வெறும் படம் என்றால் அதுவும் இல்லை. எனவே யூனிகோடில் மாற்றி, கோப்பை 5 எம்பிக்குள் வைத்து, ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பாக ஏற்ற வேண்டும். மாநாட்டுத் தொகுப்பு முழுவதையும் ஒரே கோப்பாகப் போட்டால் உள்ளே இருக்கும் கட்டுரைகள் தனித்தனியே பதிவாகாது. மேற்கோள் பட்டியலுக்கு 'ரெஃபரன்சஸ்' அல்லது 'பிப்லியோகிரஃபி' என்று தலைப்பிடும்படி ஸ்கொலரின் வழிகாட்டி சொல்கிறது. 'உசாத்துணைகள்' என்பதோடு அதையும் ஆங்கிலத்தில் தனி வரியில் சேர்த்துவிடுவது புத்தி. இதழின் அனுமதி இருந்தால் ஸெனோடோ களஞ்சியத்தில் ஏற்றி இலவசமாக டிஓஐ பெறலாம், அது ஓர்கிட் பக்கத்துக்கும் போகும்.

விண்ணப்பத்தில் எழுதும்போது வரி இப்படி இருக்கலாம்: 'ஸ்கோபஸ், இன்ன திகதி நிலவரப்படி 12 கட்டுரைகள், பங்குக் கணக்கில் 4.6, மேற்கோள் 104, சுயமேற்கோள் நீங்கலாக 80, எச் 6, நீங்கலாக 5. ஸ்கோபஸில் அடங்காத தமிழ்க் கட்டுரைகள் இணைப்பில்.' இணைப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இதழின் ஐஎஸ்எஸ்என், பக்க எண், மீளாய்வு நடந்ததா என்ற விபரம் வேண்டும். அன்றைக்குத் தளப் பக்கத்தைப் பீடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். நேர்முகத் தேர்வு வருவதற்குள் ஸ்கொலர் இரட்டைப் பதிவுகளை நீக்கி எண்ணைக் குறைத்துவிடுவதும் உண்டு, அப்போது கையில் இருப்பது அந்தப் பக்கம்தான்.